கடைசி வள்ளமும் கள்ளக் கொப்பியும்

நிருஜா: பிறகு?

யசிந்தன்: பிறகென்ன… அவ்வளவுதான்.

நிருஜா: அவ்வளவுதானெண்டா? அந்தப் பிள்ளை கிணத்துக்கட்டில ஏறி நிக்குது. தமையன் மோட்டச்சைக்கிளில வாறான். உடனை உம்மடை செருப்புக்கால் தெரியுது. பேந்து தியேட்டர்ப் படி. பேந்து ஒரே கறுப்பு.

யசிந்தன்: நான் என்ன செய்ய? கடைசி வள்ளத்துக்கு ஓட வேணுமே. யாழ்ப்பாணத்தில மத்தியானப் படம் முடியுமட்டும் இருந்தா குறிகட்டுவான் துறைக்கு பஸ் இல்லை. அந்த பஸ்ஸை விட்டா வள்ளம் இல்லை. நெடுந்தீவாருக்கு எந்தப் படத்துக்கும் முடிவில்லை, தெரியாதே உமக்கு?

நிருஜா: போனைச் சேட்டுப் பொக்கற்றுக்குள்ள ஒளிச்சு வைச்சு எடுக்கத் தெரியுது. பத்து நிமிசம் கூட இருக்கத் தெரியேல்லை.

யசிந்தன்: உம்மட்டைப் படிக்கிற சின்னப் பிள்ளையள் கூட இவ்வளவு கேள்வி கேக்காதுகள், ரீச்சர். நான் இஞ்சை போன் திருத்திறதுக்குக் கடை வைச்சிருக்கிறன். படம் சும்மா தாறது. ஓசிக் கொப்பிக்கு இவ்வளவு விசாரணையோ?

நிருஜா: விசாரணை எனக்கில்லை. அம்மாவுக்கு. ஞாயிறு பூசை முடிய அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினவ. ஆருக்கம்மா எண்டு கேட்டன். அந்தக் கிணத்துக்கட்டுப் பிள்ளைக்காம்.

யசிந்தன்: படத்தில வாற பிள்ளைக்கோ?

நிருஜா: ஓம். விழாமல் காப்பாத்தச் சொல்லி. பக்கத்தில நிண்ட எங்கடை அயல்வீட்டு மேர்வின் மாமா, படம் எடுத்து முடிஞ்சுது அக்கா, விழுறதெண்டா அவள் எப்பவோ விழுந்திருப்பாள் எண்டிட்டார். அம்மா இப்ப அந்தாளோடை கதைக்கிறேல்லை.

யசிந்தன்: கோதாரி… ரெண்டு குடும்பத்தையும் பிரிச்சுப் போட்டன் போல கிடக்கு.

அஞ்சலா: தம்பி யசிந்தன், நிக்கிறியே? ஆ… நிருஜாவும் நிக்குது.

யசிந்தன்: வாங்கோ அஞ்சலா அக்கா. என்ன அலுவல்?

அஞ்சலா: நீ தந்த பென் ட்றைவில ஒரு படம் பிழை.

யசிந்தன்: சத்தம் வரேல்லையோ?

அஞ்சலா: எல்லாம் வருது. அதுதான் பிழை. கண்ணாடி மாதிரிக் கிடக்கு. முன்னுக்கு ஒரு தலை இல்லை, ஒரு இருமல் இல்லை. பகிடி வருது, ஒருத்தரும் சிரிக்கினமில்லை. நான் தனிய இருந்து சிரிக்க, வாசல்ல கட்டின ஆடு எழும்பி நிண்டு பாக்குது.

யசிந்தன்: அக்கா, அது நல்ல கொப்பி. ஆரோ வெளியிலயிருந்து அனுப்பினது. அது கிடைக்கிறதே அரிது…

அஞ்சலா: நல்லதை நீ வைச்சுக்கொள். எனக்கு நீ எடுக்கிறதுதான் வேணும். முன்னுக்கு ஒரு மொட்டையர் இருப்பார். கச்சான் கொறிப்பார். ஆரோ ஒரு பெட்டை, பின்னாலை பார் பின்னாலை பார் எண்டு கத்துவாள். அதிலதான் எனக்குப் படம் பாத்த மாதிரி. வீட்டுக்கு ஒராள் ரெண்டாள் இருக்கிற ஊரில, சிரிக்கிறதுக்கு ஆக்களை எங்கை தேடுறது?

நிருஜா: அம்மாவும் இதைத்தான் சொல்லுறவ. கிளியர்க் கொப்பி ஆஸ்பத்திரி மாதிரியாம்.

அஞ்சலா: பின்னை? அது கிடக்கட்டும் தம்பி, அந்தக் கிணத்துக்கட்டுப் படத்தின்ரை மிச்சம் எங்கை?

நிருஜா: அண்டைக்குக் கடைசி வள்ளத்துக்கு ஓடினவராம் அக்கா.

அஞ்சலா: எண்டைக்கு?

நிருஜா: போன வெள்ளிக்கிழமை.

அஞ்சலா: வெள்ளிக்கிழமை எங்கை வள்ளம் ஓடினது? காத்துக் கடுமையெண்டு பின்னேரம் மறிச்சுப் போட்டினமே. எங்கடை மனிசன் குறிகட்டுவானில நிண்டு பாத்திட்டு, வேலணையில தங்கச்சியாக்கள் வீட்டை படுத்துத்தானே வந்தவர். நீயும் சனிக்கிழமை அவரோடைதானே தம்பி வந்து இறங்கின நீ…

யசிந்தன்: அக்கா, இந்தாங்கோ. இந்தப் பென்னில மொட்டையர் இருக்கிறார். கொண்டு போங்கோ.

அஞ்சலா: கச்சானோடையோ?

யசிந்தன்: கச்சானோடைதான். ஆடும் பசியோடை நிக்கும், போயிட்டு வாங்கோ.

அஞ்சலா: துரத்தாதை. போறன்.

யசிந்தன்: என்ன பாக்கிறீர்?

நிருஜா: ஓடாத வள்ளத்துக்கு ஓடின ஆளைப் பாக்கிறன்.

யசிந்தன்: அது… மறிச்சது எனக்குத் தெரியாது. குறிகட்டுவானுக்குப் போன பிறகுதான்…

நிருஜா: சரி. அதுக்கு முந்தின படம்? உம்மடை மச்சாள் ஜெனீற்றான்ரை கலியாணத்துக்கெண்டு அப்ப நீர் யாழ்ப்பாணத்திலதானே தங்கி நிண்டனீர். அதுவும் செருப்புக்காலோடைதான் முடியுது. பேய்க்காட்டாதையும் யசிந்தன். எனக்கு நேரமில்லை.

யசிந்தன்: ஏன், பள்ளிக்கூடம் முடிஞ்சுதுதானே?

நிருஜா: நாளைக்கு ஊர்காவற்றுறையில இருந்து ஆக்கள் வருகினம்.

யசிந்தன்: என்னத்துக்கு?

நிருஜா: எங்கடை தீவுக் குதிரையளைப் பாக்கவோ வருவினம்? என்னைப் பாக்க. பெடியன் பிரான்சில. தாய் தேப்பன் வந்து பாத்துச் சொல்லுவினமாம். அம்மாவுக்கு அரைவாசிச் சம்மதம். காலமை வள்ளத்தில வருகினம்.

யசிந்தன்: …நல்லது.

நிருஜா: நல்லதோ?

யசிந்தன்: நல்லதுதானே. பிரான்சில நெற் நல்லா இழுக்கும். படத்தை முழுசாப் பாக்கலாம்.

நிருஜா: பகிடி விடாதையும்.

யசிந்தன்: உமக்கு… விருப்பமோ?

நிருஜா: விருப்பமில்லை எண்டு சொல்லுறதுக்கும் ஒரு காரணம் வேணுமே. அம்மா கேப்பா. என்னத்தைச் சொல்ல? சரி, முதல் நான் கேட்டதுக்குச் சொல்லும். மிச்சம் எங்கை?

யசிந்தன்: இருக்கு.

நிருஜா: எங்கை?

யசிந்தன்: உந்தக் கொம்பியூட்டருக்குள்ள. எல்லாப் படத்தின்ரையும் கிடக்கு. நான் வெட்டிப் போட்டுத்தான் தாறனான்.

நிருஜா: தீவு முழுக்கவோ?

யசிந்தன்: உம்மடை வீட்டுக்கு மட்டும் வெட்டினால் பிடிபட்டிடும். உம்மடை அம்மாவும் அஞ்சலா அக்காவும் பென் மாத்துறவை. அதாலை எல்லாருக்கும்…

நிருஜா: அப்ப அந்தச் செருப்புக்கால்?

யசிந்தன்: அது ஒருக்கா உண்மையா ஓடேக்கை எடுபட்டது. அதையே எல்லாத்தின்ரை கடைசியிலயும் ஒட்டுறனான்.

நிருஜா: கடவுளே… விசரோ உமக்கு? என்னத்துக்கு?

யசிந்தன்: முதல்ல ரெண்டு மூண்டு படம் முழுசாத்தான் தந்தனான். நீர் பென்னை மேர்வின் அண்ணையிட்டைக் குடுத்து அனுப்பினீர். பேந்து ஒண்டு உண்மையாவே முடிவில்லாமல் வந்தது. அண்டைக்கு நீரே வந்து நிண்டீர். உந்தக் கதிரையில இருந்து, அவன் செத்திருப்பான், இல்லை அவள் கட்டியிருப்பாள் எண்டு ரெண்டு பேரும் பொழுதுபட்டதும் தெரியாமல் கதைச்சம். நீர் நல்லாச் சிரிச்சீர். பிறகு எனக்கு முழுப் படம் தர மனம் வரேல்லை.

நிருஜா: இதை வாய் திறந்து ஒருநாள் சொல்லியிருக்கலாமே.

யசிந்தன்: ஏலாமல் கிடந்தது. நீர் ரீச்சர். நான் கள்ளக் கொப்பி அடிக்கிறவன். உம்மடை அம்மா என்னைப் படத்துக்காண்டித்தான் மதிக்கிறவ.

நிருஜா: அதுக்காண்டியாவது மதிக்கிறாவே. மேர்வின் மாமாவுக்கு அதுவும் இல்லை.

யசிந்தன்: அப்ப… நாளைக்கு அவை வந்து இறங்க முந்தி நான் வீட்டை வரட்டோ?

நிருஜா: வந்து?

யசிந்தன்: உம்மைக் கட்டித் தரச் சொல்லி உம்மடை அம்மாவிட்டைக் கேக்கிறன்.

நிருஜா: அவ ஏசுவா.

யசிந்தன்: ஏசட்டும். ஓமோ இல்லையோ, பதில் கேட்டிட்டுத்தான் எழும்புவன்.

நிருஜா: …வெள்ளண வாரும். அம்மா தேத்தண்ணி குடிச்சு முடிய.

யசிந்தன்: ஓம். ஒரு நிமிசம் நில்லும்… இந்தாரும் பென். எல்லாப் படத்தின்ரை மிச்சமும் இதில ஏத்திப் போட்டன். இண்டைக்கே இருந்து பாரும். உம்மைப் பேய்க்காட்டினது பிழைதான்.

நிருஜா: அம்மாவுக்குத் தாரும், கொண்டுபோய்க் குடுக்கிறன். எனக்கு வேண்டாம்.

யசிந்தன்: கோவமோ?

நிருஜா: கோவமில்லை. அந்த முதல் ஒண்டுக்குத்தான் நான் முடிவு தெரியாமல் வந்தனான். மிச்சமெல்லாம் துறையடியில கவரேஜ் இழுக்கிற இடத்தில இருந்து போனில முழுசாப் பாத்திட்டுத்தான் உம்மட்டை வந்து கேட்டனான், யசிந்தன்… வேறை என்ன சாட்டுச் சொல்லி நான் இந்தக் கடைக்கு வாறது?