கலெக்டரான நெசவுக்காரி

எண்பதுகளில் ஒரு நாள், ஆரணியிலிருந்து கிளம்பிய டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். சின்னவள் சொன்னாள்: “போன மாசம் நான் கலெக்டர் ஆயிட்டேங்க்கா. அதுல சேலையில மூணு பூ புட்டா விட்டுப்போச்சு.”

“தறியில உக்காந்துகினே கனவா?”

“ஆமா. கலசப்பாக்கத்துக்கு ஜீப்புல போயிகினு இருந்தேன். இனிமே நெய்யப் பாவு நூலு தரமாட்டேன்னுட்டாரு முதலாளி. வூட்ல ஒரே பேஜாரு.”

“அப்புறம்?”

“வூட்டுக்காரரு ஒரு வழி சொன்னாரு. தறியில உக்காந்தா வாய்விட்டுப் புட்டாவை எண்ணணும். சாயங்காலம் அரைமணி நேரம் எவ்ளோ வேணா யோசிக்கலாம், யாரும் கூப்பிடமாட்டாங்க. அதுலேர்ந்து, தறியில மீதி இருந்த பாவுல ஒண்ணுகூடத் தப்பல. முதலாளியும் திரும்பப் பாவு குடுத்துட்டாரு.”

“அந்த அரைமணியில மந்திரியே ஆயிடுவியே!”

“எங்கக்கா? உக்காந்ததும் தூங்கிடறேன். குறட்டை வேற வுடறேனாம்.”

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.