நின்னா மூச்சை விடுற காரு

...எங்க காருல பிளக்கு கோளாறு இல்லங்கிறேன், தம்பி! பிளக்க மாத்தியாச்சு, பெட்ரோல் வடிகட்டிய மாத்தியாச்சு, பேட்டரியக்கூட மாத்திட்டாரு எங்க வீட்டுக்காரரு ஜுனைதி. இனி மாத்தறதுக்கு நாந்தான் பாக்கி! ஓடுறப்ப குதிர மாதிரி ஓடுது. சிக்னல்ல நின்னா போதும்... குளிர்ஜுரம் கண்ட மாதிரி கடகடன்னு ஒரு நடுக்கம். அப்புறம் பொசுக்குன்னு உயிர் போயிடும். அட, உக்காருங்க. உங்க வண்டிக்குப் பஞ்சர் ஒட்ட இன்னும் நேரமாகும்.

உள்ளேர்ந்து உஸ்ஸு உஸ்ஸுன்னு சத்தம் வேற. பாம்புன்னுட்டாரு மனுஷன்! பாம்பு புடிக்கிறவங்க வந்து, நீளக் கம்பிய விட்டுத் துழாவி... என்ன வந்துச்சுங்கிறீங்க? பூனை ஒளிச்சு வெச்ச கருவாடு!

அதோட விட்டுச்சா? போன வாரம் எம் பொண்ணு ஐனுக்கு நிச்சயம். பத்து பஹாட்ங்கிற ஊர்ல மாப்பிள்ள வீடு. எல்லாம் முடிஞ்சு, சலாம் சொல்லி, கண்ணத் தொடச்சிக்கிட்டு கார்ல ஏறினோம். கேட்டுகிட்ட நின்னுபோச்சு. சம்பந்தியம்மா பாவம், "உள்ள வாங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க"ன்னாங்க. குடிச்சோம். மறுபடி சலாம், மறுபடி அழுக, மறுபடி நின்னுபோச்சு! மறுபடி காப்பி. மூணாந்தடவ அந்தம்மா முகத்துல சிரிப்பே இல்ல.

அப்பதான் மாப்பிள்ள ஹஸ்வான், பட்டுச் சட்டையோட வந்து தள்ளுனாரு. காரு புடிச்சிக்கிச்சு... மாப்பிள்ள சாக்கடைக்குள்ள! எங்க வீட்டுக்காரரு நிறுத்தணுமா இல்லையா? நிறுத்துனா செத்துடுமாம்! வீட்டச் சுத்திச் சுத்தி வந்து, கண்ணாடிய இறக்கி, ஒவ்வொரு சுத்துக்கும் "மன்னிச்சிக்கோப்பா!"ன்னு ஒரு சத்தம். நானும் கைய ஆட்டுனேன்... வேற என்ன பண்ண? அவங்க சொந்தக்காரங்க வேலியோரம் வரிசையா நின்னு வேடிக்க பாக்குறாங்க.

மறுநாளு தகவல் வந்துச்சு. "யோசிச்சுச் சொல்றோம்." எம் பொண்ணு சாப்பிடவே இல்ல தம்பி. நாலு சட்டி வாழப்பழ பஜ்ஜி பொரிச்சேன், ஒண்ணக்கூடத் தொடல. இன்னிக்குப் போயி மன்னிப்புக் கேக்கணும். அதுக்காவது இந்தச் சனியன் அவங்க வாசல்ல ஒழுங்கா நிக்கணும்ல?

இருங்க, இருங்க... மெக்கானிக்கு கியாட் என்னமோ பண்றாரு. இஞ்சின்ல ஒரு ஓட்டைய வெரலால அடைக்கிறாரு... அடடே! நடுக்கம் நின்னுடுச்சே! வெரல எடுத்தா பேயாட்டம், வெச்சா கொழந்த மாதிரி தூங்குது. "இந்த எடத்துல சின்ன ரப்பர் குழாய் இருக்கணுமே, எங்க? அது இல்லாமத்தான் இந்த ஓட்ட வழியா வேண்டாத காத்து உள்ள போகுது, உஸ்ஸுன்னு சத்தமும் அதுதான்"ங்கிறாரு.

ரப்பர் குழாயா...

கறுப்பா? வெரல் நீளத்துக்கா?

தம்பி, கிட்ட வாங்க. சத்தம் போடாதீங்க. என் பொரிக்கிற கரண்டி இருக்கே, கம்பிப் பிடி, கை வெந்துபோகும். ஒருநாளு கார்ல தண்ணி பாக்க முன்மூடியத் தொறந்தேனா... அது சும்மா கிடந்த மாதிரி இருந்துச்சு... உருவி, பிடியில மாட்டிட்டேன். அளவெடுத்த மாதிரி பொருந்திச்சு! ஐயோ, அப்படிப் பாக்காதீங்க.

கேட்டீங்களா? அங்க மெக்கானிக்குகிட்ட எங்க வீட்டுக்காரரே சொல்லிட்டாரு, எலி கடிச்சிருக்கும்னு! ஆமாங்க, எலிதாங்க! பெரிய எலி!

இந்தா, ஐன் போன்ல கூப்பிடுறா... சொல்லும்மா... என்னது? ஹஸ்வான் பேசுனாரா? நிச்சயத்த முறிச்சா வீட்ட விட்டே போயிடுவேன்னு அவங்கம்மாகிட்ட சொன்னாரா? அல்ஹம்துலில்லாஹ்! அந்தம்மாவும் சரின்னுட்டாங்களா? ஒரே நிபந்தனையா? என்ன நிபந்தன... கல்யாணத்துக்கு நாம பஸ்ல வரணுமா!

வர்றோம்னு சொல்லு! நடந்தே வர்றோம்னு சொல்லு!

தம்பி, கேட்டீங்களா சேதி... தம்பி? அட, பஞ்சர் ஒட்டாமலே வண்டியத் தள்ளிக்கிட்டுப் போறாரே மனுஷன்!

தம்பீ! யாராச்சும் கேட்டா எலின்னே சொல்லுங்க!