வண்டுக்குக் கட்டுன கொம்பு

ஐயையோ, தொடாதீங்க சார்! அந்தக் கட்டைக்குள்ள கருவண்டு கீது. கொட்டுனா கையி வீங்கிப்பூடும். பஞ்சர்னா தள்ளினு போங்க, அச்சரப்பாக்கத்துல கட கீது.

நானா? பஸ்ஸுக்கு இல்ல சார். எம் பொஞ்சாதி சின்னப்பொண்ணு வரணும், அதான் குந்தினு கீறேன்.

கொம்பு நட்டு கட்டையக் கட்டுனது இன்னாத்துக்கா? எம் பேரு எல்லப்பன், மரம் அறுக்குற ஆளு. ரோட்டப் பெருசாக்குறாங்கல்ல, இந்தப் பக்கத்துப் புளியமரமெல்லாம் நாங்க அறுத்ததுதான். இங்கயும் ஒண்ணு இருந்துச்சு. தல ஒசரத்துல பட்டுப்போன கிளை, அதுல தொள போட்டு இந்த வண்டு குடியிருந்துச்சு. மரத்த சாச்சிட்டோம். வண்டு வருது. கிளை பத்தடி தள்ளிக் கெடக்குது, அதுக்குத் தெரியல சார்! கிளை இருந்த எடத்துலயே வெறுங்காத்துல சுத்துது, போவுது, மறுபடி வருது. தே, உன் வூடு கீழ கெடக்குதுன்னு கத்துறேன். எல்லாரும் ஒரே சிரிப்பு.

மறுநாளு கொம்பு நட்டு, அந்தக் கிளைய அதே எடத்துல, அதே ஒசரத்துல கட்டுனேன். சர்ருனு உள்ள பூந்துச்சு. அதுக்கு எடம்தான் சார் தெரியும், வூடு தெரியாது.

சின்னப்பொண்ணா? ரெண்டு வருசமா நெனப்பு தப்பிப்போச்சு. என்னையே, யாருய்யா நீ, எங்கூட்ல இன்னா பண்றன்னு கேப்பா. ஆனா காலைல கோயிலுக்குப் போனா கரெக்டா வந்துருவா. இங்க இருந்த புளியமரத்தாண்ட திரும்புனா மூணாவது வூடு, அவ்ளோதான்.

அந்த மரம் அடுத்த நாளுக்குன்னுதான் மேஸ்திரி சொன்னாரு. ஆளுங்க சும்மாதான நிக்கிறாங்க, இன்னிக்கே முடிச்சிடலாம்னு நான்தான் சார் சொன்னேன். அவ கோயிலுக்குப் போயிருந்தா.

டீக்கட அமிர்தவல்லி பாத்துதாம். இங்கயே அப்பிடியும் இப்பிடியும் நடந்தாளாம். அப்பால தெக்கால போயிட்டாளாம். மறுபடி கோயிலுக்குத்தான் போறான்னு அது வுட்டுட்ச்சு. அப்ப நானும் இங்கதான் இருந்தேன். வண்டப் பாத்து சிரிச்சினு.

பதினெட்டு நாளாச்சு. போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன், திண்டிவனம் வரைக்கும் தேடிட்டேன். இன்னும் எங்க தேடறது, சொல்லுங்க.

இல்ல சார், நீங்க போங்க, நான் வரல. மரம் இருந்த எடத்துலயே குந்தினு கீறேன். ஆனா பாருங்க, மரத்தத்தான் அவளுக்குத் தெரியும். என்னையத் தெரியாது.