பெருவாயன் நாக்கு

இல்ல தம்பி, அளவுகோலை உள்ள வைங்க. பதிமூணரை அங்குலம்னு நானே சொல்றேன். அளவுல சண்டையே இல்ல. என்ன மீனுங்கிறதுலதான் சண்டை. பெருவாயன்னா பதினஞ்சு இருக்கணும், ஒத்துக்கறேன். இது புள்ளிக்காரன். புள்ளிக்காரனுக்கு இந்த ஏரியில அளவு கெடையாது. ரெண்டு சாதியும் பாஸ் மீனுதான், அண்ணன் தம்பி ஜாடை. தெரியாதவன் கண்ணுக்கு ஒண்ணாத்தான் இருக்கும்.

கரைக்கு வர்ற படகை நிறுத்தி மீனை அளந்து பாக்கறது மீன்துறைக்காரர் உங்க வேலை, நான் கோவிச்சுக்கல. ஐஸ் பொட்டியை நான்தானே தொறந்து காட்டினேன். மேல கெடக்கறது பூரா சூரியமீனு. பதினோரு புளூகில்லு, எண்ணிக்கங்க. காதுமடல் கறுப்பு, முதுகுத் துடுப்பு முடியற எடத்துல மை வச்ச மாதிரி ஒரு பொட்டு. ஒரு சில்வண்டைக் கோத்து மிதவைக்குக் கீழ விட்டா ஓடி வந்து விழுவான். அந்த நாலு பேரு வேற சாதி, காதோரம் செவப்புக் கரை போட்டிருக்கு பாருங்க. நத்தையை ஓட்டோட கடிச்சுத் திங்கறவன். அவன் மேல வரமாட்டான், மண்புழுவைத் தரையில கெடத்தணும். நான் சொன்னதுல ஏதும் தப்பிருக்கா? இல்லைல்ல. அப்புறம் என்ன.

உங்க அப்பா ராய்ஸ் எப்படி இருக்காரு? அவரைக் கேளுங்க என்னைப் பத்தி. ஒரு தடவ பச்சைச் சூரியமீன் ஒண்ணைப் புடிச்சுட்டு, வாய் பெருசா இருக்கேன்னு பாஸுனு நெனச்சு, போட்டோ எடுத்துத் தூண்டில் கடைச் சுவத்துல மாட்டிட்டாரு. மூணு மாசம் தொங்கிச்சு. நான்தான் போய்க் கழட்டச் சொன்னேன், ராய்ஸு, உன் மானம் ஆணியில தொங்குதுன்னு. இந்த ஏரியில சந்தேகம்னா எங்கிட்டதான் கொண்டு வருவாங்க. வெர்லான் டாக்கெட் மீன் வாயில விரலை விட்டு ஜாதகமே சொல்லிடுவான்னு கிண்டல் பண்ணுவாங்க.

தாடையா? தெரியும் தம்பி. பெருவாயனுக்கு வாய்க்கோடி கண்ணைத் தாண்டிப் போகும், புள்ளிக்காரனுக்குத் தாண்டாது. அது பெரிய மீனுக்கு. இந்தச் சைஸுல அப்படியும் இருக்கும் இப்படியும் இருக்கும். நேத்து மழையில ஏரி பூரா சேறு, மீனே வெளுத்துக் கெடக்கு, வயித்துப் புள்ளியும் தெரியல, பக்கக் கோடும் தெரியல. கண்ணு ஏமாத்தும். நாக்கு ஏமாத்தாது. புள்ளிக்காரன் நாக்கு நடுவுல பொடிப்பல்லு ஒரு திட்டா இருக்கும், கட்டைவிரலை வச்சா பூனை நக்கின மாதிரி சொரசொரன்னு இருக்கும். பெருவாயன் நாக்கு வழவழ. ஒவ்வொண்ணா விரலை வச்சுப் பாத்துட்டுத்தான் பொட்டியில போட்டேன். மூணு பாஸையும்.

அவசரப்பட்டு எழுதாதீங்க. அபராதம் எனக்குப் பெரிசில்ல. வியாழக்கெழமை கோர்ட்டுல நீதிபதி அம்மா முன்னால நான் சாட்சி சொல்லணும். இந்த ஆளு வாயில வர்றது நெசமான்னு அங்க எடைபோடுவாங்க. அன்னைக்குன்னு பாத்து இப்படி ஒரு கேஸு எம்பேருல இருந்தா?

கேள்விப்பட்டிருப்பீங்களே. பேரன் வாயட். பதினோரு மாசம். குளிப்பாட்டற தொட்டியில காலு ரெண்டும் வெந்து போச்சு. பொழச்சுக்குவான், டாக்டருங்க சொல்லிட்டாங்க, வேற எடத்துத் தோலை எடுத்து ஒட்டியிருக்காங்க. எம்மவன் ஆத்துல சரக்குப் படகுல இருக்கான், மாசத்துக்கு ஒரு தடவதான் கரைக்கு வருவான். வீட்டுல மருமக ஷெல்பியும் நானும்தான். குழந்தைங்க நலத்துறையிலேர்ந்து ஒரு அம்மா வந்து ரெண்டு பேரையும் தனித்தனியா உக்கார வச்சுக் கேட்டாங்க. நான் தண்ணியில கை வச்சுப் பாத்தேன், சூடு இல்ல, சரியா இருக்குன்னு சொல்லிட்டு வாசலுக்குப் போயிட்டேன்னு சொன்னேன். ஷெல்பி, அதுக்கப்புறம் நான் கொழாயைத் தொடவே இல்லைன்னு அழுவுறா. ரெண்டு பேச்சுல ஒண்ணுதானே நிக்கும். என்னுது நின்னுச்சு. அவதான் வெந்நீரைத் தொறந்துவிட்டுட்டு மறைக்கறாளாம்னு சர்ச்சுல பேசறாங்க. ஆஸ்பத்திரியில அவ தனியாப் புள்ளையைத் தூக்கக்கூட விடமாட்டேங்கறாங்க. வியாழக்கெழமைதான் தெரியும், புள்ளை அவகிட்ட வருமா, வேற வீட்டுக்குப் போகுமான்னு.

சரி, நீங்களே பாருங்க. அதான் ஒரே வழி. கீழ்த்தாடையைப் புடிச்சுத் தொறங்க. கட்டைவிரலை நல்லா உள்ள விட்டு, நாக்கு நடுவுல தேய்ங்க.

என்ன?

சரியாத் தேயுங்க தம்பி. ஈரத்துல வழுக்கும். கையைத் தொடச்சிட்டுப் பாருங்க.

அடுத்ததைப் பாருங்க. அது சொரசொரன்னு இருக்கா? ஆங். அது புள்ளிக்காரன்னு ஒத்துக்கறீங்கல்ல. மூணாவது? அதுவும் வழவழன்னா?

மூணுல ரெண்டு பெருவாயன்.

ம்.

சரி, எழுதுங்க. ஒண்ணே ஒண்ணு. தெரிஞ்சேதான் வச்சிருந்தேன்னு எழுதுங்க. பெருவாயன்னு நல்லாத் தெரியும், சின்னதுன்னும் தெரியும், ஆசையில பொட்டியில போட்டேன், மாட்டினதும் கதை சொன்னேன். அப்படி எழுதிக்கங்க. அபராதம் கூடன்னா கூடட்டும். திருடன்னு பேரு வந்தா வரட்டும், தெரியாமப் பண்ணிட்டான்னு மட்டும் எழுதாதீங்க.

என்னாத்துக்கு அப்படிப் பாக்கறீங்க? எழுதுங்கன்னா.

நீங்களும் ராய்ஸ் மாதிரிதான். ஒண்ணும் கேக்காம நின்னே ஆளைக் கொல்லுவாரு.

எனக்கு மூணும் ஒரே மாதிரிதான் இருந்துது தம்பி. இந்தப் படகு விளிம்பும் அப்படித்தான் இருக்கு. இந்தத் துண்டும். எதைத் தொட்டாலும் மணலுக்குள்ள கையை விட்ட மாதிரி, நறநறன்னு. ஒரு வருசமா இருக்கும். சக்கரை எனக்கு. விரலு மரத்துப்போகுதா வெர்லான்னு டாக்டர் அம்மா கேட்டாங்க, அதெல்லாம் இல்லைன்னுட்டேன். ஆமான்னா தூண்டிலைப் புடுங்கிக்குவாங்க, வண்டிச் சாவியைப் புடுங்கிக்குவாங்கன்னு ஒரு பயம்.

பேரன் ஆஸ்பத்திரியில கெடக்கறப்ப எவனாச்சும் மீன் புடிக்க வருவானா? நான் மீனுக்கு வரல. விரலு இன்னும் வேலை செய்யுதான்னு பாக்க வந்தேன். மொத பாஸ் மாட்டிச்சு, வச்சுப் பாத்தேன், சொரசொரப்பு. ரெண்டாவதும் சொரசொரப்பு. மூணாவதும். அப்பாடான்னு இருந்துச்சு. விரலு நல்லாத்தான் இருக்கு, அந்தப் பொண்ணுதான் பொய் சொல்லுதுன்னு நெனச்சுக்கிட்டே துடுப்பைப் போட்டுக் கரைக்கு வந்தேன். சந்தோசமா வந்தேன் தம்பி.

அன்னைக்கு அவ புள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு, மாமா, சூடு பாருங்கன்னா. நான் கையை விட்டேன். சூடு தெரியல. சரியா இருக்கு, எறக்கும்மான்னேன். அவ எறக்கினா.

இப்ப எழுதினதைக் கிழிச்சுட்டு வேற தாளுல எழுதுங்க. இந்த ஆளுக்குப் பெருவாயன் நாக்குக்கும் புள்ளிக்காரன் நாக்குக்கும் வித்தியாசம் தெரியல, கையில உணர்ச்சி இல்லைன்னு எழுதுங்க. தேதி, நேரம் எல்லாம் போட்டு. வியாழக்கெழமைக்கு எனக்கு அந்தத் தாளு வேணும். வாயால சொன்னா மருமகளைக் காப்பாத்தக் கெழவன் கதை கட்டறான்னுடுவாங்க.

கையெழுத்து எங்க? பேனாவை எங்கையில வச்சு விரலை மூடி விடுங்க தம்பி. புடிச்சிருக்கேனா இல்லையான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்.