இருவத்திநாலு கொட்டாங்கச்சி

...மொச்சை மொளைக்கலன்னா அதுக்கு நான் இன்னாம்மா பண்ணுவேன்? மண்ணு நானா? மயை நானா? இப்டி வா, இந்த பெஞ்சில குந்து. பொண்ணச் சேக்கத்தானே வந்துகீற? இப்ப உள்ள போவாத. இன்ஸ்பெக்டரம்மா வந்துகீறாங்க, கான்வென்ட்டு பெரிய மதரும் உள்ளதான் கீறாங்க. கதவு தொறக்கற வரிக்கும் குந்தியிரு. நான் பாஞ்சாலி, இந்தச் சின்ன கிளாசு ஆயா. பதினோரு வர்சமா இங்கதான் குப்பை கொட்டிக்கினு கீறேன்.

உம் பொண்ணுக்கு எத்தினி வயசு? நாலா? நல்ல நேரம் பாத்து வந்த போ! முன்னல்லாம் நாலு வயசுப் புள்ளன்னா மணல்ல அனா ஆவன்னா எய்தும். அயுதா ரெண்டு தட்டு, அடங்கிடும். இப்ப ஐரின் மிஸ்ஸுன்னு ஒண்ணு வந்துகீது. சாந்தோமு பொண்ணு, ட்ரெயினிங் படிச்சிதாம். கிண்டர்கார்ட்டனாம்! அடிக்கக் கூடாது, அதட்டக் கூடாது. செவ்வாக்கெயமை பூரா புள்ளைங்கள மீனு மாதிரி நீந்தச் சொல்லுச்சி... தரையில! சட்டையத் தொவைக்கறது உங்க தலையெய்த்து, தரையப் பெருக்கறது என் தலையெய்த்து.

மறுநாளு களிமண்ணு. ராஜநாயகம் சாருன்னு ஒரு குமாஸ்தா, அவுரு வாசல்ல நின்னுக்கினு ஒரே கத்தல். "எம் புள்ளய மண்ணு பெசையவா அனுப்சேன்?"னு. மிஸ்ஸு சிரிச்சிக்கினே அந்தப் புள்ள பண்ண யானைய அவுரு கையில வெச்சிடுச்சி. மன்சன் இன்னா பண்ணுவாரு? ஒரு கையில கொடை, ஒரு கையில ஈர யானை, அப்டியே ஆபீசுக்கு நடந்தாரு. யானைன்னு மிஸ்ஸு சொல்லித்தான் தெரியும், எனுக்கு அது பூசணிக்காயாத்தான் தெரிஞ்சிது.

இன்னா சொல்ல வந்தேன்... ஆங், மொச்சை.

போன சனிக்கெயமை ஒரு பிடி மொச்சைய எங்கையில குடுத்து, "ஊற வெச்சி எட்த்துக்கினு வாங்க ஆயா"ன்னுச்சி. வெச்சேன், எட்த்தாந்தேன். திங்கக்கெயமை புள்ளைக்கொரு கொட்டாங்கச்சி, மொத்தம் இருவத்திநாலு, அதுல மண்ணு, மண்ணுல ஒரு மொச்சை. தெனம் அத்தப் பாத்துப் பாத்தே புள்ளைங்க படிக்குமாம்! இன்னிக்கி வெள்ளிக்கெயமை இன்ஸ்பெக்டரம்மா வரச்சொல்லோ வரிசையா மொளைச்சி நிக்கணுமாம். அத்தப் பாத்துதான் மிஸ்ஸுக்கு வேலைய நெரந்தரம் பண்ணுவாங்களாம். இல்லாட்டி இன்னியோட வூட்டுக்குப் போவ வேண்டியதுதான். கேட்டியா கதைய? ரேஷன் கடையில புயுத்த அரிசிக்கு நாளெல்லாம் நிக்கறோம், இவ நல்ல மொச்சைய மண்ல பொதைக்கறா! எம் புருசன் சுப்பராயன் சொல்றான், "குடுத்தா கொயம்பாவது வெப்போமே"ன்னு.

நேத்து வரிக்கும் ஒண்ணு தலை தூக்கலியே! புள்ளைங்க கொட்டாங்கச்சியில காத வெச்சிக் கேக்குதுங்க. ஒண்ணு அதுக்குப் பாட்டு வேற பாடுது. நான் சும்மா இருப்பனா? "இதுங்க பாட்டக் கேட்டுத்தான் அது உள்ளயே ஒளிஞ்சிக்கினு கீது மிஸ்"னேன். மிஸ்ஸு சிரிக்கல. ஒரு மொச்சையத் தோண்டி வெரல்ல நசுக்குச்சி. மாவா மசிஞ்சி போச்சி. என்னிய ஒரு பார்வை பாத்துச்சி. போயி நாற்காலில குந்திக்கிச்சி. படிச்ச படிப்பு லட்சணம் அவ்ளோதான்னு நானும் தொடப்பத்த எட்த்துக்கினு வந்துட்டேன்.

ஆனா கேளு, இன்னிக்கி காலையில ஒண்ணே ஒண்ணு பச்சையா தலைய நீட்டிக்கினு நிக்குது! யாருது? மீன்காரி பச்சையம்மா பொண்ணு வசந்தியோடது. திங்கக்கெயமை அது ஸ்கூலுக்கே வரல. அவங்கம்மா கருவாட்டுக் கொயம்புக்கு வூட்ல ஊறப்போட்ட மொச்சையில ஒண்ண மடியில முடிஞ்சி மறுநாளு எட்த்தாந்துச்சி. மீன் கய்வுன தண்ணி ஊத்தினாளோ, இன்னா மாயம் பண்ணாளோ, யாருக்குத் தெரியும்?

எம் மேல யாரும் குத்தம் சொல்ல முடியாது, ஆமா. போன வர்சம் பேதி வந்து ரெண்டு கொயந்தைங்க போச்சிம்மா இந்த கிளாசுல. என் இடுப்புல குந்தின புள்ளைங்க. அப்ப மதரு கூப்ட்டு சொன்னாங்க, "பாஞ்சாலி, கொதிக்காத தண்ணி இந்த கிளாசுக்குள்ள வரக்கூடாது"ன்னு. அன்னிலேர்ந்து குடிக்கற தண்ணி, கை கய்வற தண்ணி, ஸ்லேட்டு தொடைக்கற தண்ணி கூட கொதிச்ச தண்ணிதான். மொச்சைய மட்டும் உடுவனா? கையில குடுத்தா வாயில போட்டுக்கற வயசாச்சே! தளதளன்னு கொதிக்கற தண்ணியில போட்டு, தட்டு போட்டு மூடி, அடுப்பு மேலயே...

இன்னாம்மா அப்டி பாக்கற?

...வெந்தா மொளைக்காதா? அட, எங்க வெந்துச்சி, சும்மா ஊறத்தானே... அடுப்பு மேல... இரு இரு. வசந்தி மொச்சை பச்சைத் தண்ணியில ஊறினது... ஐயையோ!

மெல்லப் பேசும்மா! யாருகிட்டயும் சொல்லிடாத. எம் வேலை போச்சின்னா சுப்பராயன நம்பி ஒலை வெக்க முடியாது. ஷ்ஷ்... இன்ஸ்பெக்டரம்மா கொரலு. "யாரு ஊற வெச்சது?"ன்னு கேக்கறாங்க. போச்சி... எம் பேரு வரப் போவுது...

...மிஸ்ஸு இன்னா சொன்னா? உனுக்கும் கேட்டுச்சா? "நாந்தான்"னுதானே சொன்னா? "நாந்தான் ஊற வெச்சேன், தப்பு என்னுது"ன்னு... அடிப் பாவிப் பொண்ணே! நேத்தே தெரியும் இவளுக்கு! நசுக்கிட்டு என்னியப் பாத்தாளே, அப்பவே தெரியும்! வாரம் பூரா நான் இவ தலைய உருட்டிக்கினு கீறேன், இவ என்னிய ஒரு வார்த்தை கேக்கல.

தெனம் பூசைக்குப் போற பொண்ணு, மதரு எதுர்ல பொய் சொல்லிக்கினு நிக்கறா. அத்தயாவது ஒயுங்கா சொல்றாளா? கொரலு நடுங்குது பாரு.

வயி உடும்மா, நான் உள்ள போவணும். உம் பொண்ண இவகிட்டயே சேரு, கேட்டியா? இந்தா, மணிக் கட்டையப் பிடி. பத்தரைக்கு அடிக்கணும். நான் வெளிய வரலன்னா நீயே அடிச்சிடு.