கடல் உள்ளே போனால்

மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர், கடல் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"கடல் உள்ள போனா, என் காலு அது பின்னாலயே போவுது மச்சான்."

"இன்னா சொல்ற?"

"போன வாரம் காலைல கடல் உள்ள போச்சு. அடியில கெடந்த பாறையெல்லாம் வெளிய தெரிஞ்சுது. சுனாமில எங்கண்ணன அள்ளிகினு போன கடலு. மேட்டுப் பக்கம் ஓடணுமா இல்லியா? ஊரே கடலப் பாக்க நடந்துச்சு. நானும் நடந்தேன்."

பக்கத்தில் இருந்தவர் அவர் பக்கம் திரும்பினார்.

"டிவில காட்டினான் மச்சான். புலியப் பாத்தா மான் உடனே ஓடாதாம். கொஞ்சம் கிட்ட வந்து பாக்குமாம். புலி சும்மா படுத்துகினு இருக்குதா, பாயப் போவுதான்னு தெரிஞ்சிக்கணும்ல. நம்மளுக்கும் காட்டுல இருந்த காலத்துலேர்ந்து வர்ற பழக்கமா இருக்கும்."

"மான் குட்டியையும் கூட்டிகினு போவுமா?"

"ஏன் கேக்குற?"

"தூங்கிகினு இருந்த பொண்ண எழுப்பித் தூக்கிகினு போனேன். நல்லாத் தெரியட்டும்னு தோள் மேல உக்கார வெச்சேன்."

"அப்பால?"

"ஒண்ணும் ஆவல. தண்ணி மெதுவா திரும்பி வந்துச்சு. அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல."

அவருடைய இரண்டு கைகளும் தோளுக்கு உயர்ந்து, அங்கே இல்லாத குழந்தையின் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தன.

சவுக்குத் தோப்பு முடிந்து கடல் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"அடுத்த தபா உள்ள போச்சுன்னா ஒரு போன் அடி மச்சான். நானும் வந்து பாக்குறேன்."