பதினோரு வீட்டுக்கும் ஒரே ரோஸ்

...இல்ல, அந்தப் படத்தைப் பாருங்களேன். அதோ, செவுத்துல இந்த போன் கம்பெனிக்காரங்க ஆளுயரத்துக்கு மாட்டி வச்சிருக்காங்களே. வெள்ளை அங்கிக்கு மேல கோட்டு மாட்டிக்கிட்டு ஒருத்தன் பல்லு தெரிய நிக்கிறானே, அவன்தான் என் மருமகன் கிசிட்டோ. ஆகப் போற மருமகன். ஆகியிருக்க வேண்டிய மருமகன்னு வச்சுக்கங்க. முன்னாடி கூடையோட முட்டி போட்டிருக்கறதெல்லாம் அவனோட அத்தைமாருங்க. கையில சேவலை வாங்கிக்கிட்டு முழிக்குதே ஒரு உருவம், அது பக்கத்து வீட்டு நலுவோகாவோட மவன் லுபேகா. கீழ என்ன எழுதியிருக்கு? 'எங்க வாடிக்கையாளர்கள், எங்க குடும்பம்.' ஆமா. குடும்பம்தான். என் குடும்பத்தை அவங்க குடும்பமாக்கிட்டாங்க.

உக்காருங்க தங்கச்சி, டோக்கன் எத்தனை? தொண்ணூத்தி நாலா. எனக்கு எம்பத்தாறு. இப்ப அறுபத்தொண்ணு ஓடுது. காலையில ஏழு மணி பஸ்ஸுல வந்தேன். இந்த ஏசி குளிர்ல கையெல்லாம் மரத்துப் போச்சு. ஆனா குறை சொல்லக் கூடாது, தண்ணி குடுக்கறாங்க. ரோஸ் கலர் டம்ளர்ல.

நான் யாரைப் பத்தியும் பொல்லாப்பு பேசறவ இல்ல. கர்த்தர் அறிவார். சபையில மாதர் சங்கத்துல இருவத்திரண்டு வருசம் இருக்கேன். ஆனா நீங்களே சொல்லுங்க. மசாக்கா ரோட்டுல எங்க தெரு, ரோட்டோரமா வரிசையா பதினோரு வீடு. போன மாசம் வரைக்கும் ஒண்ணு மண் கலரு, ஒண்ணு நீலம், ஒண்ணு பூசாத செங்கல்லு. இப்ப பதினொண்ணும் ரோஸ். லேசான ரோஸ் இல்ல தங்கச்சி, பல்லு வெளக்கற பேஸ்ட் மாதிரி ரோஸ். ஒவ்வொரு செவுத்துலயும் வெள்ளையில ஒரு ஆளு போன் பேசற படம், கம்பெனி பேரு, கூப்பிட வேண்டிய நம்பரு. எங்க வீட்டுக்காரர் பேரு வாசல்ல சின்னதா எழுதியிருந்துச்சு. அந்த மனுசன் செத்து ஒம்பது வருசம் ஆச்சு, அந்தப் பேரு மட்டும் நின்னுச்சு. அதுக்கு மேலயும் பூசிட்டாங்க. 'ஓசியில பூசறோம்'னாங்க. ஓசிதான். வீடு மட்டும்தான் போச்சு.

முதல்ல போன் போட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஒரு பொண்ணு ரொம்ப பாசமா, 'உங்க குரல் எங்களுக்கு முக்கியம்'னா. முக்கியமான குரலு, அதான் பேச விடாம நாப்பது நிமிசம் பாட்டு போட்டா. சரின்னு எங்க பக்கத்துப் போலீஸ் சாவடிக்குப் போனேன். போயி நின்னு பார்க்கறேன்... அதுவும் ரோஸ். அப்படியே திரும்பி வந்துட்டேன். ஆஸ்பத்திரி பெஞ்சுல அவங்க பேரு. பள்ளிக்கூடத்துப் பசங்க பந்து வெளையாடற சட்டையில அவங்க பேரு. போன ஞாயித்துக்கிழமை கோயில்ல விசிறிக்க ஒரு அட்டை குடுத்தாங்க, ஒரு பக்கம் சங்கீத வசனம், இன்னொரு பக்கம் ராத்திரி சலுகை நேரம். ஆண்டவருக்காவது ஒரு பக்கம் விட்டாங்களேன்னு ஸ்தோத்திரம் சொன்னேன்.

எங்க விட்டேன்... ஆ, படம். போன சனிக்கு முந்தின சனி என் மவ நமுதுவுக்குப் பொண்ணு கேட்டு வர்ற நாள். வீட்டுப் பின்னாடி வாழைத்தோப்புல பந்தல். எரநூறு பேருக்கு மத்தோக்கே வாழைக்காய் இலையில வெந்துக்கிட்டிருக்கு, வேர்க்கடலைக் குழம்பு மூணு அண்டா. நான் புதுக் கோமேசி உடுத்தி, இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கிட்டுக் காத்திருக்கேன். பத்தாச்சு. பதினொண்ணாச்சு. மாப்பிள்ளை வீட்டைக் காணோம்.

அவங்க வந்துட்டாங்க தங்கச்சி. நாப்பது பேரு வந்துட்டாங்க. பக்கத்து வீட்டுக்கு.

அன்னைக்குன்னு பார்த்து கம்பெனிக்காரன் 'தெரு முடிஞ்சிருச்சு'ன்னு நலுவோகா வாசல்ல பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, பாட்டு வச்சுக் கொண்டாடறான். இவங்க பார்த்தாங்க, இதான் வீடுன்னு எறங்கிட்டாங்க. பொம்பளைங்க வரிசையா முட்டி போட்டாச்சு. பாவம் அந்த நலுவோகா வெளிய வந்து, 'யாருங்க நீங்க? வழி தப்பி வந்துட்டீங்க'ன்னா. அதைத்தானே எல்லாப் பொண்ணு வீட்டுலயும் சொல்லுவோம்? தெரியாத மாதிரி கேக்கறது, வம்பிழுக்கறது, அதுதானே மொறை. அவங்க பேச்சாளு சிரிச்சுக்கிட்டு, 'அடடா, ஆரம்பமே அருமையா இருக்கே'ன்னானாம். 'ஐயா, இந்த வீட்டுல பொண்ணே கெடையாது'ன்னா. 'அழகான பொண்ணுன்னா ஒளிச்சுத்தான் வைப்பீங்க, தெரியும்'னானாம். 'எனக்கு இருக்கறது ஒரே மவன்'னு அவ சத்தியம் பண்றா. நாப்பது பேரும் கைதட்டறாங்க. இவ்வளவு நல்லா வம்பிழுக்கற மாமியாரை அவங்க பார்த்ததே இல்லையாம்.

அந்த லுபேகா... மோட்டார் பைக் ஓட்டறவன், இருவத்தஞ்சு வயசு, பொண்ணோட அண்ணன்னு நெனச்சுச் சேவலை நீட்டினாங்க. வாங்கிட்டான். கம்பெனி குடுக்கற பரிசுன்னு நெனச்சானாம். கம்பெனி மேனேஜரோ, இவங்களை ஆட வந்த குழுன்னு நெனச்சு நடுவுல நின்னு படம் எடுத்துக்கிட்டான். அந்தப் படம்தான் அது.

சிரிக்கறீங்க. சிரிங்க, பரவால்ல. எங்க பாஸ்டரம்மாவும் வாயைப் பொத்திக்கிட்டுத்தான் ஜெபம் பண்ணாங்க.

ஆனா கிசிட்டோவோட பெரியப்பா சிரிக்கல. சேவலை ஒரு வீட்டுல வாங்கியாச்சுன்னா அது சம்மதம். அதைப் புடுங்கி இன்னொரு வீட்டுல குடுக்க முடியுமா? கூடையெல்லாம் வண்டியில ஏத்திட்டாரு. என் மவ அரைத் தலை பின்னலோட ரோட்டுல ஓடிப்போயி நின்னா. நான் அவர் கார்க் கதவைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அவரு சொன்னாரு... 'அம்மா, திரும்ப வர்றோம். புதுச் சேவலோட, ரெண்டு வாரம் கழிச்சு சனிக்கிழமை. ஆனா பொண்ணை அவ அப்பன் வீட்டுலதான் கேப்போம். கம்பெனி வீட்டுல கேக்க மாட்டோம். செவுத்துல அந்தப் பேரு இருந்தா வண்டியை நிறுத்தாமப் போயிருவோம்.' அவ்வளவுதான். இன்னைக்கு வியாழன். நாளன்னிக்குதான் அந்தச் சனிக்கிழமை.

ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்டு போதும்னு நெனச்சேன். ஒப்பந்தமாம். அஞ்சு வருசத்துக்கு வேற கலர் அடிக்கக் கூடாதாம். என் செவுத்துக்கு நான் அனுமதி கேட்டு டோக்கன் எடுத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். மூணாம் ஜன்னல்ல, 'அது ஏழாம் ஜன்னல்'னாங்க. ஏழுல ஒரு பொண்ணு, என் மவ வயசு, நல்ல பொண்ணு, தங்கமா பேசுச்சு. 'ஒரு வீட்டுக்கு விலக்கு குடுக்கலாம் அம்மா. பதினோரு வீட்டுக்கும் பேசி முடிச்சுக் கையெழுத்து வாங்கிக் குடுத்த ஆளு இதுல ஒப்பம் போடணும்'னு இந்தக் காயிதத்தைக் குடுத்துச்சு, கையெழுத்து போட்டுத் திருப்பிக் குடுக்க இந்த டோக்கனும். பாருங்க. 'கம்பெனி யாரையும் வற்புறுத்தவில்லை. கம்பெனி சார்பில் அக்கம்பக்கத்தாரை வற்புறுத்தியது நானே. நடந்த குழப்பத்துக்கு நானே பொறுப்பு.' பதினோரு வீட்டு வாசல்லயும் ஒரு நகல் ஒட்டுவாங்களாம். எவ்வளவு பெரிய கம்பெனி, எவ்வளவு சுத்தமான கை பாருங்க.

அந்த ஆளைக் கூட்டிட்டு வரணுமேங்கறீங்களா? எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்...

நான்தான் தங்கச்சி.

கல்யாணத்துக்கு முன்னாடி வீடு பளிச்சுனு இருக்கட்டும்னு ஆசை. பந்தலும் நாற்காலியும் ஓசியில தர்றேன்னாங்க, கடைசியில அது எங்க போய் நின்னுச்சுன்னு பார்த்தீங்கல்ல. வீடு வீடாப் போனேன், 'ஆண்டவர் தொறந்த வாசலு'ன்னு ஜெபம் பண்ணிக் கையெழுத்து வாங்கினேன். மாதர் சங்கத் தலைவி சொன்னா யாரு மாட்டேம்பாங்க? நலுவோகா மட்டும் மாட்டேன்னா. அவ வீடு வெள்ளை. அவ புருசன் கையால பூசின வெள்ளை. கடைசி வரைக்கும் தர மாட்டேன்னு நின்னா. பத்து ரோஸுக்கு நடுவுல ஒரு வெள்ளை, ஓட்டைப் பல்லு மாதிரி இருக்குன்னு நான்தான் சொன்னேன். அவளைச் சுயநலக்காரின்னு சபையில வச்சுச் சொன்னேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அழுதுக்கிட்டே கையெழுத்துப் போட்டா. ராத்திரியோட ராத்திரியா பூசிட்டாங்க.

கிசிட்டோ வீட்டுக்கு நான் வழி எப்படிச் சொல்லியிருந்தேன் தெரியுமா? 'வெள்ளை வீட்டைத் தாண்டி அடுத்த வீடு'ன்னு.

அதான் காலையில இருந்து இதுல கையெழுத்து போடாம உக்காந்திருக்கேன். கம்பெனியைத் திட்டிக்கிட்டே இருந்தா கொஞ்சம் ஆறுதலா இருக்கு. இந்தக் காயிதத்துல ஒரே கஷ்டம், அதுல எழுதியிருக்கறது எல்லாம் நெசம். நலுவோகா வாசல்ல முதல் நகலை நானே கொண்டுபோய் ஒட்டணும். முட்டி போட்டு.

எம்பத்தாறா? இதோ வந்துட்டேன் மகளே, ஒரு நிமிசம்... தங்கச்சி, அந்தப் பேனாவைக் குடுங்களேன். நீங்களும் என்னமோ கையெழுத்து போடத்தான் வந்திருக்கீங்க போல, கையில ரோஸ் படிவம். உங்க தெருவுக்கா? நீங்களும் சங்கத் தலைவியா? இருங்க, நான் போட்டுட்டு உடனே தந்துடறேன்... இந்தாங்க, ஆச்சு. என் பேரு, தேதி.

தங்கச்சி... எங்க போறீங்க? தொண்ணூத்தி நாலு இன்னும் வரலையே. படிவத்தை நாற்காலியிலயே விட்டுட்டீங்க. உங்க பேனா...

வேணாமா. சரி, போயிட்டு வாங்க. கேக்க மறந்துட்டேன், உங்க வீடு என்ன கலரு?

பச்சையா. நல்ல கலரு தங்கச்சி.